கொழுந்துத் தராசில் பெரியம்மா

எங்கள் தோட்டத்தில் ஒரு நாள் மனிதர்களைக் கொழுந்துத் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்தார்கள். இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். அன்றைக்கு நானும்தான் சிரித்தேன். எனக்கு அப்போது பத்து வயது. பத்து வயதில் சிரித்ததை மன்னித்துவிடலாம். அங்கே நின்ற மற்றவர்களுக்கு என்ன சாக்கு என்று இத்தனை வருடங்களாக யோசிக்கிறேன், ஒன்றும் அகப்படவில்லை.

தேவாலாவுக்குக் கீழே, ஆறு மாதம் மழை விடாமல் கொட்டுகிற பக்கத்தில் இருந்தது அந்தத் தோட்டம். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் பாதிப் பேர் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். நான் மூன்று வயதில் பெரியம்மாவின் பாஸ்போர்ட்டில் ஒட்டிக்கொண்டு வந்தேன். அம்மாவும் அப்பாவும் அடுத்த கப்பலில் வருவதாகப் பேச்சு. வரவில்லை. பெரியப்பா வந்து இறங்கிய முகாமிலேயே காய்ச்சலில் போய்விட்டார். ஆக, லயத்தில் எங்களுக்கு விட்ட ஒற்றை அறையில் பெரியம்மாவும் நானும் மட்டும். அந்த அறையைக் காம்பரா என்போம். இதெல்லாம் அங்கே யாருக்கும் புதிதில்லை. அடுத்தடுத்த காம்பராவிலும் இதே மாதிரி ஒன்று நடந்திருக்கும்.

பெரியம்மா பருமனானவள். லயத்துப் பெண்கள் எல்லாரும் காய்ந்த தேயிலைக் குச்சி மாதிரி இருக்க, அவள் மட்டும் கைப்பக்கம் ரவிக்கை தெறிக்கிற அளவுக்கு இருந்தாள். ஒளித்துவைத்துத் தின்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். ஒரே அறையில் அவளோடு இருந்தவள் நான். எங்கே ஒளிப்பது? காலையில் கோதுமை மாவு ரொட்டி, தேத்தண்ணி. மத்தியானம் மலையில் நின்றபடி ரொட்டி, போத்தலில் ஆறிப்போன தேத்தண்ணி. சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்ததும் தேத்தண்ணி. ராத்திரிக்குச் சோறு, கருவாடோ பருப்போ. தோட்டத்துக் கடையில் மாவும் சீனியும் எண்ணெயும் என்றைக்கும் இருக்கும். கீரையோ காயோ வேண்டுமென்றால் சந்தைக்குப் போக வேண்டும். சந்தைக்குப் போனால் அன்றைக்கு வேலை போச்சு. தோட்டம் எங்களுக்குக் கொடுத்தது சலித்துக் கழித்த தேயிலைத் தூசி. கை நிறையச் சீனி போடாமல் அதை வாயில் வைக்க முடியாது. குளிருக்கும் அதுதான், பசிக்கும் அதுதான், அட்டை கடித்தால்கூட அதுதான். உலகம் முழுக்கக் குடிக்கிற நல்ல தேயிலையைப் பறித்தவள் தூசியையும் சீனியையும் குடித்துப் பருத்தாள். அதற்கும் அவளையே குறை சொன்னார்கள்.

அந்த வருடம் மழை தொடங்கும்போது கவ்வாத்து என்று கிளை கழித்து வெட்டிய தேயிலைக் கட்டை ஒன்று ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு அவளுடைய வலது கால் கட்டைவிரலில் ஏறிவிட்டது. மற்றவர்களுக்கு இந்த மாதிரிக் காயம் பத்து நாளில் மூடிவிடும். அவளுக்கு இரண்டு மாதமாகியும் வாய் திறந்தே கிடந்தது. கூடவே தாகம். குடத்துத் தண்ணீரை நான் தூக்கிவந்து வைப்பதும் அவள் குடித்து முடிப்பதுமாக இருந்தது. குடித்ததெல்லாம் உடனே வெளியே போகிறது என்று சலித்துக்கொள்வாள். இன்றைக்கு இதைக் கேட்கிற எவருக்கும் என்ன வியாதி என்று தெரியும். யாராவது அவளுடைய மூத்திரத்தைச் சோதித்துப் பார்த்திருந்தால் போதும். அந்த ஒரு சோதனை அவளுக்குக் கிடைத்ததா இல்லையா என்பதுதான் நான் சொல்ல வந்தது.

தோட்டத்து மருந்துக் கொட்டகையில் ஒரு கம்பவுண்டர் இருந்தார். அவரிடம் மொத்தம் மூன்று மருந்து: வெள்ளை மாத்திரை, சிவப்புத் தண்ணி, ஊதா மருந்து. பெரியம்மாவின் விரலில் ஊதாவைப் பூசிவிட்டு ஒவ்வொரு முறையும் ஒரே புத்திமதிதான் சொல்வார்.

“தின்கிறதைக் குறை. உடம்பு வத்துனாப் புண்ணு தானா ஆறிரும்.”

“என்னத்தைங்க குறைக்கிறது? ரொட்டி வட்டமா இருக்கு, அதைச் சதுரமா வேணாச் சுடுறேன்.”

“வாய்க் கொழுப்பும் சேந்து குறையணும்.”

புண்ணைப் பற்றி மலையில் யாரிடமும் அவள் மூச்சுவிடவில்லை. சொன்னால் காலையில் பேர் வாசிக்கும்போது, “நீ ஊட்டுக்குப் போ, ஆறுன பெறகு வா” என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். விரலில் துணியைச் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி, சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் டவுனிலிருந்து டாக்டர்கள் வந்து எல்லாரையும் பார்க்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. அடுத்த காம்பரா அத்தைதான் முதலில் வந்து சொன்னாள். அத்தை எங்களுக்கு உறவில்லை. ஒரே கப்பலில் வந்தவள், அதனால் அத்தை. ஆள் மெலிவு, வாய் மட்டும் நாலு ஆளுக்குக் காணும்.

“குண்டா இருக்கவங்களுக்கு வர்ற சீக்கெல்லாம் பாக்குறாங்களாம். ஒங்க பெரியம்மாவை மொத வரிசையில நிறுத்திரு புள்ள, மாலை போட்டாலும் போடுவாங்க.”

பெரியம்மா சிரிக்கவில்லை. “மெய்யாவே பாப்பாங்களாடி?” என்று இரண்டு முறை கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. கொழுந்து நிறுக்கிற தகரக் கொட்டகையில், நாங்கள் மடுவம் என்று சொல்வோம், முகாம் நடந்தது. தூறல் நின்றபாடில்லை. ஒரு ஜீப்பில் இளவயது டாக்டரம்மாவும் ஒரு நர்சும் வந்து இறங்கினார்கள். அவர்களோடு வந்த எடை மெஷின் மட்டும் சரியாக வந்து சேரவில்லை. எங்கள் ரோட்டில் குலுங்கிக் குலுங்கி, யார் ஏறினாலும் பன்னிரண்டு கிலோ காட்டியது. கம்பவுண்டர் ஏறினார், பன்னிரண்டு. இறங்கினார், அப்போதும் பன்னிரண்டு.

“இங்கதான் தராசு தொங்குதுங்களே” என்றார் கணக்கப்பிள்ளை. அவர் கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள். தினமும் சாயங்காலம் எங்கள் கொழுந்தை நிறுத்து எடையைச் சத்தமாகச் சொல்லுவது அவர் வேலை. “மூட்டையே தாங்குது, மனுசர தாங்காதுங்களா?”

டாக்டரம்மா தயங்கினார். பிறகு மழையையும் வரிசையையும் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

எடைக்கு முன்னால் ஒரு பேச்சு இருந்தது. டாக்டரம்மா ஒரு படத்தாளை விரித்துச் சுவரில் மாட்டினார். அதில் ஆப்பிள், ஆரஞ்சு, முட்டை, மீன், கீரைக்கட்டு. எங்களில் சிலர் அதில் ஆப்பிளை அடையாளம் கண்டோம். உடல் பருத்தால் என்னென்ன வரும், சர்க்கரை வியாதி எப்படி ஓசையில்லாமல் வரும், எதை எதைக் குறைக்க வேண்டும் என்று பொறுமையாகத்தான் சொன்னார். கடைசியில், “தினமும் அரை மணி நேரமாவது நடக்கணும்” என்றார்.

அத்தை கையைத் தூக்கினாள்.

“டாக்டரம்மா, அது கூடையோட நடக்கணுமா, கூடை இல்லாம நடக்கணுமா?”

கொட்டகையே குலுங்கியது. டாக்டரம்மாவும் முகம் சிவந்து சிரித்துவிட்டார். நல்ல மனுஷிதான் அவர். தேத்தண்ணியில் சீனியைக் குறையுங்கள் என்று அன்றைக்கு அவர் சொன்னது முழுக்க உண்மை. அதை எங்களுக்கு அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. ஆனால் சீனியைக் குறைத்துவிட்டு அந்தத் தூசியை எப்படிக் குடிப்பது, ரொட்டியைக் குறைத்துவிட்டு எந்தக் கடையில் எந்தக் கீரையை வாங்குவது என்று அவர் சொல்லவில்லை. அதைத் தோட்டத்துத் துரையிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். படத்தாளை மாட்ட வேண்டிய இடம் பங்களாச் சுவர். மாட்டியது எங்கள் மடுவத்தில்.

“ரொம்பத் தாகம் எடுக்கறவங்க, புண் ஆறாம இருக்கறவங்க யாராவது இருந்தாச் சொல்லுங்க” என்றும் டாக்டரம்மா கேட்டார். நான் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். மேசைக்கு அந்தப் பக்கம் கணக்கப்பிள்ளையும் கம்பவுண்டரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழுந்தால் மறுநாள் வேலை இல்லை. பெரியம்மா மட்டும் இல்லை, அந்தக் கொட்டகையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

“சரி. எடை எழுபதுக்கு மேல இருக்கறவங்களை எங்கிட்ட அனுப்புங்க சிஸ்டர். மருந்து கொஞ்சந்தான் இருக்கு” என்று டாக்டரம்மா ஒரு மூலைக்குப் போனார். அங்கே ஸ்பிரிட் விளக்கு, கண்ணாடிக் குழாய்கள், நீல மருந்து. மூத்திரத்தை அந்த நீலத்தோடு காய்ச்சினால் சர்க்கரை உள்ளவர்களுக்குச் செங்கல் நிறமாக மாறுமாம்.

வரிசையில் பெரியம்மா குனிந்து என் காதில் சொன்னாள்: “வாயால நான் ஏன் சொல்லணும் புள்ள? தராசே சொல்லிரும். எழுபதுக்கு மேலதான் இருப்பேன். அவங்களே கூப்புட்டுப் பாத்துருவாங்க.” இரண்டு மாதத்தில் அவள் குரலில் அப்படி ஒரு தெம்பை நான் கேட்டதில்லை.

இப்போது அந்தத் தராசைப் பற்றிச் சொல்ல வேண்டும். உத்தரத்திலிருந்து தொங்குகிற வட்டத் தராசு. கொக்கியில் கொழுந்து மூட்டையை மாட்டினால் முள் சுற்றும். முள் எங்கே நின்றாலும் கணக்கப்பிள்ளை வேறொன்றைச் சொல்வார். மழை நாளில் கொழுந்தில் தண்ணீர் இருக்கிறது என்று பத்துக்கு ஒன்று கழிப்பது வழக்கம். முள் இருபது காட்டினால் அவர் வாய் பதினெட்டு என்னும். முதலில் முள்ளைப் பார்த்து, பிறகு மனதுக்குள் கழித்து, பிறகு சொல்வது என்பதெல்லாம் கிடையாது. இருபது வருடப் பழக்கத்தில் அவருடைய கண்ணே கழித்துப் பார்க்கும். எங்கள் ஆட்களும் முள்ளைப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டார்கள். பார்த்து என்ன ஆகப்போகிறது? பள்ளி விட்டதும் பெரியம்மாவைக் கூட்டிப் போக மடுவத்துக்கு வருகிற நான் ஒருத்திதான் வேடிக்கைக்காக அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்றைக்குத் தூறலில் நின்று எல்லார் சேலையும் நனைந்திருந்தது.

கொக்கியில் சாக்குப் படுதாவைத் தூளி மாதிரிக் கட்டினார்கள். ஒவ்வொருவராக அதில் உட்கார வேண்டும். வெளியே பாத்தி வரப்பில் ஆண்கள் கூட்டமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, தராசுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த நர்ஸ் அட்டையில் எழுதிக் கொடுத்தார். என்னைத் தூக்கி வைத்தார்கள். முள் இருபத்து நாலில் நின்றது. “இருபத்திரண்டு” என்றார் கணக்கப்பிள்ளை. என் வயதுக்கு இருபத்து மூன்றுக்குக் கீழே இருந்தால் ஒரு பால்மாவு டின் உண்டு. நர்ஸ் டின்னை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்தது பெரியம்மா. அவள் தூளியில் உட்கார்ந்ததும் உத்தரம் முனகியது. வரப்பிலிருந்து ஒருவன் கத்தினான்: “ஐயா, பாத்துங்க! தராசு அறுந்தா நாளைக்குக் கொழுந்தைக் கண்ணாலதான் நிறுக்கணும்!”

இன்னொருவன்: “இதை ரெண்டு மூட்டையாக் கட்டுங்கப்பா!”

சிரிப்பு. நானும் சிரித்தேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பெரியம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு, கால் இரண்டும் தரையில் படாமல், சாக்கில் தொங்கிக்கொண்டிருந்தாள். கூடைக்கும் மூட்டைக்கும் உள்ள இடத்தில் ஒரு பொம்பளையைத் தொங்கவிட்டுவிட்டு, அவள் உடம்பைப் பற்றி அவளுக்குப் பாடமும் நடத்தினார்கள்.

“பயப்படாம இருங்கம்மிணி” என்றார் கணக்கப்பிள்ளை. உண்மையிலேயே இதமாகத்தான் சொன்னார். முள் ஆடி ஆடி எழுபத்து நாலில் நின்றது.

“அறுபத்தேழு” என்றார்.

நர்ஸ் அறுபத்தேழு என்று எழுதினார்.

எனக்கு அதில் ஒன்றும் விசேஷமாகப் படவில்லை. முள் ஒன்றைக் காட்டும், வாய் ஒன்றைச் சொல்லும், தாளில் ஏறுவது வாய் சொன்னதுதான். எடை என்றால் அதுதான் என்று நினைவு தெரிந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவள் நான். பெரியம்மாவும் அப்படியே. தூளியிலிருந்து இறங்கினாள். மூலையில் எரிந்த ஸ்பிரிட் விளக்கை ஒரு பார்வை பார்த்தாள். டாக்டரம்மா குழாயைக் காய்ச்சிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. நிமிர்ந்திருந்தால் தராசே தேவைப்பட்டிருக்காது. தாளில் ஒன்றை எழுதிவிட்டால் அதற்குப் பிறகு யாரும் கண்ணால் பார்ப்பதில்லை என்பதை அதற்கப்புறம் எத்தனையோ ஊரில் எத்தனையோ மேசைக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டேன்.

“அறுபத்தேழுதானா?” என்று பெரியம்மா நர்சிடம் கேட்டாள்.

“ஆமா. உங்களுக்குச் சோதனை வேண்டியதில்லை. போகலாம்.”

“அப்ப ஒண்ணும் இல்ல போல” என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அத்தை அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, “அடி கள்ளி, பாக்கத்தான் மலை, நிறுத்தா மடு!” என்றாள். அட்டையைப் பெரியம்மா பிளாஸ்டிக் உறையில் போட்டு ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். குண்டு என்று யாராவது பேச்செடுத்தால் அந்த அட்டையை எடுத்துக் காட்டினாள்.

அன்றைக்கு எழுபதுக்கு மேல் என்று அந்த மூலைக்கு அனுப்பப்பட்டவர்கள் இரண்டே பேர். கம்பவுண்டர் ஒருவர், ஃபேக்டரி கிளார்க் ஒருவர். மிச்ச நீல மருந்து அப்படியே ஜீப்பில் திரும்பிப் போயிற்று. கணக்கப்பிள்ளை மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. ஆனால் அதை அவர் மேல் முழுதாகக் கொட்ட முடியவில்லை என்பது அதைவிட ஆத்திரம். அவர் பெரியம்மாவை ஏமாற்றவில்லை. கழித்தது அவருக்கே தெரியாது. யாரோ சொல்லிக்கொடுத்த திருட்டு இருபது வருடத்தில் அவர் கண்ணுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. ஆட்களின் உழைப்பில் கழித்துப் பழகியவர் ஆட்களிலேயே கழித்துவிட்டார்.

பால்மாவைப் பெரியம்மா எனக்குக் கலக்கிக் கொடுத்தாள். தித்திப்புத் தித்திப்பாக இருக்கும். டம்ளரின் அடியில் கொஞ்சம் தங்கினால் நான், “நீங்க குடிங்க பெரியம்மா” என்பேன். அவள் அதில் தேத்தண்ணியை ஊற்றி அலசிக் குடிப்பாள். எடையில் ஒன்றும் இல்லை என்று நர்சே சொல்லியாயிற்றே.

அடுத்த இரண்டு மாதத்தில் கட்டைவிரல் கறுத்தது. பக்கத்து விரலும் கறுத்தது. ஒரு நாள் மலையில் கூடையோடு சரிந்து விழுந்தாள். கொழுந்து ஏற்றுகிற லாரியில் படுக்கவைத்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நானும் ஏறிக்கொண்டேன்.

வார்டில் இருந்தது அதே டாக்டரம்மா. கண்ணுக்குக் கீழே கருவளையம். கட்டில்களுக்கு நடுவில் பாயிலும் ஆட்கள் கிடந்தார்கள். இரத்தத்தை எடுத்தார்கள், காலைப் பார்த்தார்கள், சுவரோரம் இருந்த மெஷினில் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு பெரியம்மாவை ஏற்றினார்கள். எழுபத்து நாலு. முகாம் அட்டை இருக்கிறதா என்று டாக்டரம்மா கேட்டார். பெரியம்மா அதை எடுத்துக் கொடுத்தாள், நல்ல சான்றிதழைக் கொடுக்கிற மாதிரி.

டாக்டரம்மா அட்டையைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“ஏம்மா, அன்னிக்கு நான் அவ்வளவு தூரம் வந்து தொண்டை கிழியச் சொன்னேனே. ரெண்டு மாசத்துல ஏழு கிலோ ஏத்தி வெச்சிருக்கீங்க. அப்படி என்னதாம்மா சாப்பிட்டீங்க?”

பெரியம்மா தலையைக் குனிந்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

“புள்ளைக்குக் குடுத்த பால்மாவு... அதுல கொஞ்சம் தேத்தண்ணியில கலந்து குடிச்சேங்க.”

“பாத்தீங்களா!” என்றார் டாக்டரம்மா.

எழுபத்து நாலில் அறுபத்தேழு போனால் ஏழு. அவர் சொல்வதற்கு முன்பே எனக்கு விடை வந்துவிட்டது. கணக்கில் நான் கெட்டிக்காரி. அந்த ஏழு எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. மடுவத்தில் முள் எழுபத்து நாலில் நின்றதை என் கண்ணால் பார்த்திருந்தேன். அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. முள் காட்டியது ஒரு எடையா? அன்றைக்குக் கழித்த ஏழு கிலோவை ஆஸ்பத்திரி மெஷின் திருப்பிப் போட்டது, அவ்வளவுதான். அதைப் பெரியம்மா தின்று ஏற்றியதாக எழுதிக்கொண்டார்கள். அவளும் ஒப்புக்கொண்டாள். அந்தப் பால்மாவைக் கொண்டுவந்தவள் நான் என்பதால் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு விரல்களை எடுத்தார்கள். பத்தொன்பது நாள் கழித்து அனுப்பும்போது ஒரு மாத்திரைப் பொட்டலமும் அச்சடித்த ஒரு தாளும் கொடுத்தார்கள். தாள் இங்கிலீஷில் இருந்தது. டாக்டரம்மா என் தோளில் கைவைத்து, “பாப்பா, நீதான் பாத்துக்கணும். சீனி ஒரு துளிகூடக் கூடாது. சோறு, ரொட்டி எல்லாம் பாதி. அந்த ஏழு கிலோ குறைஞ்சே ஆகணும். சரியா?” என்றார்.

சரி என்றேன். அந்த ஆஸ்பத்திரியில் என்னை ஒரு ஆளாக மதித்து ஒருவர் பேசியது அது ஒன்றுதான். பல வருடம் கழித்து, லயத்தை விட்டு, பள்ளியை விட்டு, ஊர் ஊராகச் சுற்றுகிற காலத்தில், அந்தத் தாளைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். மாத்திரை போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். உடம்பு வேர்த்து நடுங்கி மயக்கம் வந்தால் உடனே சர்க்கரையை வாயில் போட வேண்டும் என்று கடைசி வரியில் இருக்கிறது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நான் காவலாளி ஆனேன். சீனிப் போத்தலை என் துணிப்பெட்டியில் வைத்துப் பூட்டினேன். ரொட்டியைப் பாதியாகப் பிய்த்து அவளுக்குக் கொடுத்தேன். மறுபாதியை அவள் பார்வைக்கு முன்னாலேயே நான் தின்றேன், அவள் அப்புறம் எடுத்துத் தின்றுவிடக் கூடாது என்று. பெரியம்மா ஒரு நாளும் மறுபேச்சுப் பேசவில்லை. கேட்டதற்கு மேல் குறைத்தாள். பாதி ரொட்டியில் பாதியை வைத்துவிடுவாள். மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டாள். ஏழு கிலோவைத் தின்ற குற்றத்துக்கு அவள் தண்டனையை அவளே கட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வாரம், ஒரு ஞாயிறு மத்தியானம். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று வேர்த்துக் கொட்டிச் சுவரில் சாய்ந்தாள். கை நடுங்கியது. கண் எங்கேயோ பார்த்தது.

“புள்ள... ஒரு கரண்டி சீனி குடு.”

“சீனியா?”

“ஒரே ஒரு கரண்டி. என்னமோ செய்யுது.”

பெட்டிச் சாவி என் கழுத்துக் கயிற்றில் இருந்தது. நான் அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். அவள் தரையில் கையை ஊன்றி என் பக்கம் நகர்ந்து வந்தாள். நாக்கு குழறியது. பத்து வயதுப் பிள்ளையிடம் ஒரு பெரிய மனுஷி கெஞ்சினாள்.

“டாக்டரம்மா என்ன சொன்னாங்க?” என்று கத்தினேன். “ஒரு துளிகூடக் கூடாதுன்னாங்க இல்ல? இப்படித்தான் பால்மாவையும் குடிச்சீங்க!”

அவள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். என் சத்தத்தைக் கேட்டு அத்தை ஓடிவந்தாள். பெரியம்மாவைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். என்னை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டுத் தன் காம்பராவுக்கு ஓடி, ஒரு கை சீனியை அள்ளிவந்து, பெரியம்மாவின் வாயைப் பிளந்து உள்ளே அப்பினாள். தண்ணீரைத் தொட்டுத் தொட்டு உதட்டில் வைத்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மெல்லப் பெரியம்மாவின் விரல் அசைந்தது.

அத்தை திரும்பினாள். அப்படி ஒரு கோபத்தை அவள் முகத்தில் நான் பார்த்ததில்லை.

“ஏண்டி, உசுரு போறவளுக்கு ஒரு வாய் சீனி குடுக்க மனசு வரலியா? நீயெல்லாம் ஒரு பொம்பளப் புள்ளையாடி?”

எனக்கு அழுகை முட்டியது. பயத்தில் இல்லை, ஆத்திரத்தில். சொன்ன சொல்லைக் காப்பாற்றியவளைப் பிடித்து ஏசுகிறார்களே என்று.

“ஏழு கிலோ தின்னாங்கல்ல? அதை யாரு குறைக்கிறது?” என்று அத்தையைப் பார்த்துக் கத்தினேன்.

பெரியம்மா கண்ணைத் திறந்தாள். உதட்டோரம் சீனி ஒட்டியிருந்தது. அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்து, சத்தம் வராத குரலில் சொன்னாள்:

“புள்ளையை ஏசாத. அது சொல்றது சரிதான்.”